பறப்பது இருக்கட்டும், அவனால் எது முடியாது?

கேள்வி இதுதான்: ‘சூப்பர்மேன்’, ‘தண்டர்போல்ட்ஸ்’, ‘ஃபென்டாஸ்டிக் ஃபோர்: ஃபர்ஸ்ட் ஸ்டெப்ஸ்’, மலையாள ‘லோகா’ என 2025-இல் வந்த நான்கையும் பார்த்தாயிற்று. சில பிடித்தன. சிலவற்றில் கடைசி அரை மணி நேரம் கொட்டாவிதான் வந்தது. எங்கே கோளாறு, அடுத்து எதைப் பார்க்கலாம், எப்படிப் பார்க்கலாம்?

பதில் கொஞ்சம் நீளும். நான்கு படங்களின் முடிவும் அங்கங்கே வெளிப்படும். பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படிக்கலாம்.

சூப்பர் ஹீரோ படத்தை எடைபோட ஒரே ஒரு படிக்கல் போதும் என்பது என் கட்சி. முதல் அரை மணி நேரத்துக்குள், இந்த ஆளால் எது முடியாது என்று நமக்குத் தெரிந்துவிட்டதா? எது முடியும் என்பது போஸ்டரிலேயே இருக்கிறது. பறப்பான், சுவர் ஏறுவான், கண்ணில் நெருப்பு வரும். அதைச் சொல்ல இரண்டரை மணி நேரம் தேவையில்லை. முடியாதது எது என்று தெரிந்தால்தான் சண்டையில் பயம் வரும். பயம் இல்லாத சண்டை, எத்தனை கோடி கொட்டினாலும், தீபாவளி வாணவேடிக்கை மாதிரி. பத்து நிமிடம் அண்ணாந்து பார்ப்போம், பிறகு கழுத்து வலிக்கும்.

இதற்குப் பாடப்புத்தகம் மாதிரி ஒரு காட்சி உண்டு: 2004-இல் வந்த ‘ஸ்பைடர்மேன் 2’ படத்தின் ரயில் சண்டை. டாக்டர் ஆக்டோபஸ் ரயிலின் வேகக் கட்டுப்பாட்டுக் கைப்பிடியை உடைத்துவிட்டுப் போய்விடுகிறான். ரயில் நிற்காது, தண்டவாளம் ஓரிடத்தில் முடிகிறது. இவ்வளவுதான் கணக்கு, குழந்தைக்கும் புரியும். ஸ்பைடர்மேன் முதலில் காலை ஊன்றிப் பார்க்கிறான், கட்டைகள்தான் சிதறுகின்றன. அடுத்து இரு பக்கக் கட்டடங்களிலும் வலையை வீசி இழுக்கிறான். சுவர்தான் பெயர்ந்து வருகிறது. மூன்றாவதாக அடுக்கடுக்காக வலை வீசித் தன் உடம்பையே பிரேக்காக வைக்கிறான். உடை கிழிகிறது, முகமூடியும் இல்லை, நரம்பு புடைக்கிறது. ரயில் நின்றதும் மயங்கி விழுகிறவனைப் பயணிகள் தலைக்கு மேல் தூக்கி உள்ளே கொண்டுபோகிறார்கள். மூன்று முயற்சி, இரண்டு தோல்வி, ஒரு விலை. ரயில் ஒரே திசையில் ஓடுவதால் யார் எங்கே நிற்கிறார்கள் என்ற குழப்பம் ஒரு நொடிகூட வருவதில்லை. கதை நியூயார்க்கில் நடந்தாலும் அந்த ரயிலைப் படம்பிடித்தது சிகாகோவின் உயர்த்தப்பட்ட தண்டவாளத்தில். அதனால் சுற்றியிருக்கும் கட்டடங்களுக்கும் வெயிலுக்கும் நிஜத்தின் கனம் இருக்கிறது. அந்த ஆண்டு கிராஃபிக்ஸுக்கான ஆஸ்கர் இந்தப் படத்துக்குத்தான் போனது.

இதே படிக்கல்லில் சூப்பர்மேனை வைத்தால் தராசு திணறும். அவனால் முடியாதது என்று என்ன இருக்கிறது? கிரிப்டோனைட் என்ற பச்சைக் கல் ஒன்றுதான். 1978-இல் ரிச்சர்ட் டானர் எடுத்த ‘சூப்பர்மேன்’ இன்றும் அழகான படம். ஆனால் கடைசியில் நாயகி இறந்ததும் அவன் பூமியைச் சுற்றிச் சுற்றிப் பறந்து காலத்தையே பின்னால் தள்ளிவிடுகிறான். அந்த நிமிடத்தோடு இனி எதற்கும் பயப்பட வேண்டாம் என்று ஆகிவிட்டது. இந்தக் குழியில் பிறகு பல படங்கள் விழுந்தன.

ஜேம்ஸ் கன் எடுத்த 2025 படம் இந்தச் சிக்கலைத் தெரிந்தே தொடங்குகிறது. முதல் நிமிடத்தில் திரையில் வரும் எழுத்துகள் முந்நூறு ஆண்டுகளுக்கு முன், முப்பது ஆண்டுகளுக்கு முன், மூன்று ஆண்டு, மூன்று வாரம், மூன்று மணி நேரம் என்று இறங்கிக்கொண்டே வந்து, மூன்று நிமிடங்களுக்கு முன் சூப்பர்மேன் முதல்முறையாகத் தோற்றான் என்று முடிகின்றன. அடுத்த காட்சியில் ஆள் பனியில் விழுந்து கிடக்கிறான், நாய் இழுத்துக்கொண்டு போகிறது. பிறப்புக் கதைக்கு மற்ற படங்கள் செலவழிக்கும் நாற்பது நிமிடம் இங்கே மிச்சம்; தோற்கக்கூடியவன் என்பதும் தெரிந்தாயிற்று. இதைவிடக் கெட்டிக்காரத்தனம் வில்லன் லூதரின் உத்தி. தன் கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்துகொண்டு, எண்ணும் எழுத்துமாக அடிகளைச் சொல்லிச் சொல்லித் தன் ஆளை ஏவுகிறான். சூப்பர்மேனின் பழக்கங்களை மனப்பாடம் செய்தவன் அவனை வெல்ல முடியும் என்பது விதி. அப்படியானால் தப்பிக்க வழி என்ன? லூதரின் கண்ணைக் கெடுக்க வேண்டும். கேமரா தாங்கிய டிரோன்களை நாய் கடித்துக் குதறுகிறது, ஆட்டம் மாறுகிறது. பலத்தால் வந்த வெற்றி இல்லை, விதியைப் புரிந்துகொண்டதால் வந்தது.

குறையும் உண்டு. 129 நிமிடத்துக்குள் ஆட்கள் அதிகம். பச்சை மோதிரக்காரர், சிறகுப் பெண், டெர்ரிஃபிக் என்று ஒரு ஊரே வருகிறது. இதில் டெர்ரிஃபிக்கின் கடற்கரைச் சண்டை மட்டும் தேறும். பை மாதிரியான தனி உலகத்தில் நடக்கும் சிறைக் காட்சிகளில் ஊதாவும் சாம்பலும் கலந்து கண் தடுமாறுகிறது. நம் ஊர்த் திரைகளில் பார்த்தவர்களுக்கு இன்னொரு தாவலும் தெரிந்திருக்கும்: நாயகனும் நாயகியும் முத்தமிடும் காட்சியில் தணிக்கை சுமார் அரை நிமிடம் கைவைத்தது. காற்றில் மிதக்கும் காதலர்கள் திடீரென்று தரையில் நிற்பது இயக்குநரின் கோளாறு இல்லை.

‘தண்டர்போல்ட்ஸ்’ இந்த நான்கில் ஹாலிவுட்டின் நல்ல ஆச்சரியம். அதில் யாருக்கும் பெரிய சக்தி கிடையாது. சுட, குத்த, குதிக்கத் தெரிந்த கூட்டம். எதிரே நிற்கும் பாப், சூப்பர்மேன் அளவு பலசாலி. ஆக, அடித்து ஜெயிக்க முடியாது என்பது முதலிலேயே முடிவான விஷயம். கடைசியில் பாப் தன் இருட்டு உருவத்தை அடிக்க அடிக்க, அந்த இருட்டு அவனையே விழுங்குகிறது. மற்றவர்கள் அவனைப் பிடித்து அணைத்துக்கொள்வதுதான் க்ளைமாக்ஸ். மனச்சோர்வைப் பற்றிய படத்தில் குத்துச்சண்டை எதையும் தீர்க்காது என்று எழுதியவருக்குத் தெரிந்திருக்கிறது. தொடக்கத்தில் ஃபுளோரன்ஸ் பியூ கோலாலம்பூரின் மெர்டேக்கா 118 கோபுரத்திலிருந்து குதிப்பது நிஜமான குதி. 678.9 மீட்டர், உலகத்தின் இரண்டாவது உயரமான கட்டடம். சலிப்போடு அந்த விளிம்பில் நிற்கும் முகத்தைப் பச்சைத்திரைக்கு முன்னால் நடித்துக் கொண்டுவருவது கஷ்டம்.

‘ஃபென்டாஸ்டிக் ஃபோர்’ பற்றி நீட்ட ஒன்றுமில்லை. 1960-களின் கற்பனை எதிர்காலம், மைக்கேல் ஜியாக்கினோவின் இசை, முன்கதை எதுவும் தெரியாமல் பார்க்கலாம் என்ற வசதி, மூன்றும் நல்லவை. குழந்தையைக் கொடு, உலகத்தை விட்டுவிடுகிறேன் என்று வில்லன் கேலக்டஸ் கேட்கிற பேரம் வலுவான முடிச்சு. ஆனால் உடம்பை ரப்பர் மாதிரி நீட்டக்கூடிய ரீட் படம் முழுக்க நீள்வதே அபூர்வம். காரணம் ஊகிக்கக்கூடியதுதான். நெருப்பையும் பாறையையும் கணினி நன்றாகச் செய்யும். மனிதத் தோலை இழுத்தால் அது ஜவ்வு மிட்டாய் மாதிரிதான் தெரியும், அதுவும் பகல் வெளிச்சத்தில். காட்டினால் சிரிப்பு வரும் என்று ஒதுக்கிவிட்டார்கள் போலிருக்கிறது.

இனி ‘லோகா’. இதை மற்ற மூன்றோடு ஒரே தட்டில் வைப்பதே ஒருவிதத்தில் அநியாயம். அதன் செலவு சுமார் 30 கோடி ரூபாய் என்று சொல்லப்பட்டது. ‘சூப்பர்மேன்’ 225 மில்லியன் டாலர், அன்றைய மதிப்பில் 1,900 கோடிக்கு மேல். அறுபது மடங்குக்கும் அதிகம். அப்படியிருந்தும் 300 கோடி வசூலைக் கடந்த முதல் மலையாளப் படமாக அது ஆனதற்குப் புராணம் காரணம், நட்சத்திரம் காரணம் என்று பலரும் சொல்லிவிட்டார்கள். முக்கியமான காரணம் சிக்கனத்தை அழகாக மாற்றியதுதான். கதை நடப்பது பெங்களூரு இரவில். இரவு என்றால் பின்னணியில் இருட்டு. கணினியில் கட்ட வேண்டிய நகரம் குறைவு. ஒளிப்பதிவாளர் நிமிஷ் ரவி சிவப்பையும் நீலத்தையும் வைத்தே இடத்தைப் பிரித்துவிடுகிறார். எதிர் ஃபிளாட்டில் இருக்கும் இளைஞர்கள் ஜன்னல் வழியாகப் பார்க்கிற பார்வையில் முதல் பாதி நகர்வதால், நாயகியை முழுசாகக் காட்ட வேண்டிய அவசியமே இல்லை. மறைத்தது மர்மமாகவும் ஆயிற்று, மிச்சமாகவும் ஆயிற்று. சண்டைகளை அமைத்த யானிக் பென், கல்யாணி பிரியதர்ஷனை நிஜமாகவே உழைக்க வைத்திருக்கிறார். வெட்டுகளுக்கு நடுவே ஆள் மாறாட்டம் தெரிவதில்லை.

நாயகி யார் என்பதில் தமிழ் வாசகருக்கு ஒரு சொந்தம் இருக்கிறது. அவள்தான் கள்ளியங்காட்டு நீலி, நாகர்கோவில் பக்கத்துக் கதை. வடக்கே, திருவாலங்காட்டுக்கு அருகே பழையனூரிலும் ஒரு நீலி உண்டு. கள்ளிக் கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, வணிகன் ஒருவனைத் தன் கணவன் என்று ஊர்ச்சபையில் அழுது நம்ப வைத்து, இரவில் அவனைக் கொன்றாள். அவன் உயிருக்குப் பொறுப்பேற்ற வேளாளர் எழுபது பேரும் சொன்ன சொல்லுக்காகத் தீயில் இறங்கினார்கள் என்பது கதை. நாம் இன்றைக்கும் சொல்லும் ‘நீலிக் கண்ணீர்’ அங்கிருந்து வந்ததுதான். இரண்டு ஊர்க் கதையிலும் அவள் பழிவாங்கும் பேய். ‘லோகா’ அவளை அரசனின் கொடுமைக்கு ஆளான பழங்குடிச் சிறுமியாக மாற்றிவிட்டு, மலையாளக் கதையில் அவளை ஆணியடித்து அடக்கும் கடமற்றத்துக் கத்தனார் என்ற மந்திரவாதப் பாதிரியாரை அவளுக்குத் துணையாக்குகிறது. காலங்காலமாகப் பொய்யழுகைக்கு உவமையாக இருந்தவளின் அழுகை நிஜம் என்று சொல்வதற்கு ஒரு துணிச்சல் வேண்டும்.

படிக்கல்லுக்கு வருவோம். அவளுக்கு ரத்தம் வேண்டும். தன்னை வெளிக்காட்டக் கூடாது. யாரைத் தொட்டாலும் பின்விளைவு உண்டு. முடியாதவை தெளிவாக இருக்கின்றன, அதனால் முதல் பாதி விறுவிறு என்று போகிறது. இரண்டாம் பாதியில் வண்டி கொஞ்சம் இழுப்பதற்குக் காரணம் வில்லன் இல்லை. சாண்டி மாஸ்டர் அந்தப் போலீஸ் வேடத்தில் நன்றாகவே மிரட்டுகிறார். அடுத்தடுத்த பாகங்களுக்கான விளம்பரப் பலகைகளை நடுவழியில் நட்டுவைத்ததுதான் இடறுகிறது. ஒரு சிறப்புத் தோற்றம் வரும்போது தியேட்டர் விசிலடிக்கும், கதை இரண்டு நிமிடம் நிற்கும். மார்வெல் நிறுவனம் பதினைந்து வருடத்தில் பிடித்துக்கொண்ட நோயை இவர்கள் முதல் பாகத்திலேயே வரவழைத்துக்கொண்டார்கள்.

‘லோகா’ பிடித்தது என்றால் அடுத்து பார்க்க வேண்டியது ஹாலிவுட் படமே இல்லை. 2021-இல் பேசில் ஜோசப் எடுத்த ‘மின்னல் முரளி’. 1990-களின் ஒரு குக்கிராமம். ஒரே மின்னல் இரண்டு பேர் மேல் விழுகிறது. ஒருவன் அமெரிக்கா போக ஆசைப்படும் தையல்காரன், மற்றவன் டீக்கடையில் வேலை செய்யும், ஊரே கிறுக்கன் என்று ஒதுக்கிய ஷிபு. ஷிபுவாக வருவது நம் குரு சோமசுந்தரம். அவருக்குச் சக்தி வந்தும் வாழ்க்கையில் வேண்டியது ஒன்றே ஒன்றுதான், பள்ளி நாளிலிருந்து மனதில் இருக்கும் உஷா. மின்னலால் அதைத் தர முடியாது, ஊரும் தராது. அவர் வில்லனாக மாறும் இடத்தில் நமக்குக் கோபம் வரவில்லை. அந்த ஊர் மேல்தான் வருகிறது. இந்திய சூப்பர் ஹீரோ படங்களில் இதைவிட நன்றாக எழுதிய எதிராளி இல்லை என்பேன். கடைசிச் சண்டை சற்று அவசரம், பரவாயில்லை.

அப்படியானால் தமிழில் ஏன் இது சரியாக அமைவதில்லை என்று அடுத்த கேள்வி வரும். வேட்டியை மடித்துக் கட்டியவுடனேயே நம் மாஸ் ஹீரோ ஐம்பது பேரை அடிக்கிறார், சுமோவை உதைத்து நிறுத்துகிறார், குண்டு அவர் தோளைத்தான் உரசும். அவருக்கு முகமூடியும் போர்வையும் கொடுப்பதால் புதிதாக எது கூடும்? மிஷ்கினின் ‘முகமூடி’ 2012-இல் இந்தச் சுவரில்தான் மோதியது. ஜீவாவின் குங்ஃபூவும் வீட்டுக்கொள்ளைக் கும்பலும் சுத்தியலும் எல்லாம் இருந்தன. முகமூடி இல்லாமலும் அதே ஆள் அதே அடியை அடித்திருப்பார் என்பதுதான் குறை.

ஆனால் தமிழில் இரண்டு படங்கள் இந்தச் சுவரைச் சுற்றிக்கொண்டு போயிருக்கின்றன. ஒன்று ‘எந்திரன்’, 2010. சிட்டி எதையும் செய்யும். தீப்பிடித்த குடியிருப்பிலிருந்து வரிசையாக ஆட்களைத் தூக்கி வருகிறது. குளித்துக்கொண்டிருந்த பெண்ணையும் அப்படியே தூக்கி வந்து கேமராக்களுக்கு முன்னால் நிறுத்துகிறது. மானம் என்றால் என்ன என்று அதற்குத் தெரியாது. அந்தப் பெண் ஓடிப்போய் வண்டியில் அடிபட்டுச் சாகிறாள். சிட்டியால் எது முடியாது என்பதை ஷங்கர் ஒரே காட்சியில் சொல்லிவிட்டார்; அதற்குப் பிறகு அதற்கு உணர்ச்சி ஊட்டுவதும் அதனால் வரும் வினையும் தானாகவே ஓடுகின்றன. கடைசி அரை மணி நேரத்தின் உருண்டையும் பாம்பும் பேசப்பட்டன, நினைவில் நிற்பது அந்தத் தீ விபத்துதான்.

மற்றொன்று மடோன் அஷ்வினின் ‘மாவீரன்’, 2023. சிவகார்த்திகேயன் பயந்தாங்கொள்ளி, பத்திரிகையில் படக்கதை வரைபவர். அவருக்கு மட்டும் ஒரு குரல் கேட்கிறது. விஜய் சேதுபதியின் குரல், கதை சொல்வது போல அவரை ‘மாவீரன்’ என்று அழைத்து அடுத்து நடக்கப்போவதைச் சொல்கிறது. குரல் கேட்டுக்கொண்டிருக்கும்வரை எதிராளிகளுக்கு அடி விழும். குரல் நின்றால் அதே ஆள் நடுங்குவார். இதில் விலையும் உண்டு: கதை சொல்லும் குரல் நாயகனின் சாவையும் சேர்த்தே சொல்கிறது. விரிசல் விட்ட குடிசை மாற்று அடுக்குமாடிதான் எதிரி என்பதால் பிரச்சினையும் நம் ஊர்ப் பிரச்சினை. இரண்டாம் பாதியில் குரல் போவதும் வருவதும் எழுத்தாளரின் வசதிக்கு நடக்கிறது என்பது நியாயமான புகார். இருந்தாலும் தமிழில் சூப்பர் ஹீரோ வேண்டும் என்றால் முதலில் கோழையை எழுது என்று வழி காட்டியது அந்தப் படம். ‘லோகா’ ஜியோஹாட்ஸ்டாரிலும், ‘மின்னல் முரளி’ நெட்ஃபிளிக்ஸிலும், ‘மாவீரன்’ பிரைம் வீடியோவிலும் வெளியாயின.

சரி, அந்தக் கொட்டாவி. பெரிய படங்களின் கடைசி அரை மணி நேரம் ஏன் சாம்பல் கரைசலாக இருக்கிறது? பணம் போதாமல் இல்லை. முடிவெடுக்கும் வரிசை தப்புவதால். இப்படிப்பட்ட சண்டைகளுக்குப் படப்பிடிப்புக்கு முன்பே கணினியில் பொம்மைப் படம் மாதிரி ஒரு முன்னோட்டம் செய்துவிடுவார்கள். பல சமயம் திரைக்கதை முடிவதற்கு முன்பே அது நடக்கும். பிறகு நடிகர்களை நீலத்திரைக்கு முன் எடுப்பார்கள். பின்னணி பகலா இரவா, மழையா என்று அப்போது முடிவாகியிருக்காது. ஆகவே எதற்கும் பொருந்துகிற மாதிரி தட்டையான விளக்கு. எடிட்டிங்கில் கதை மாறும், மறுபடி சில நாள் படப்பிடிப்பு, வில்லன் உடை மாறும். கடைசியில் ஒரே சண்டை நான்கைந்து கிராஃபிக்ஸ் நிறுவனங்களுக்குப் பிரித்துப் போகும். வெளியீட்டுத் தேதி மட்டும் மாறாது. எந்தத் திசையிலிருந்தும் வெளிச்சம் வராத முகம், புழுதி, புகை. புழுதியும் புகையும் அழகுக்கு இல்லை. ஒட்டுத் தையலை மறைக்க.

வேலையின் அளவைப் பாருங்கள். நொடிக்கு 24 ஃபிரேம். அரை மணி நேரச் சண்டை என்றால் 43,200 ஃபிரேம். நடிகரின் உருவத்தைப் பின்னணியிலிருந்து ஓரம் ஓரமாக வெட்டியெடுக்கும் ரோட்டோ வேலை, கேமரா அசைவைக் கணக்கிடும் மேட்ச்மூவ் வேலை ஆகியவற்றில் பெரும்பகுதி சென்னை, பெங்களூரு, ஹைதராபாத், மும்பையில் நடக்கிறது. படம் முடிந்ததும் ஓடும் பெயர்ப்பட்டியலில் வேகமாகப் போகிற அந்த நான்கு பத்தியில் நம் ஊர்ப் பெயர்கள் கொத்துக் கொத்தாக வரும். அவசரத்தின் சுமை கடைசியில் விழுவதும் அவர்கள் மேல்தான். 2023 செப்டம்பரில் மார்வெலின் கிராஃபிக்ஸ் ஊழியர்கள் சங்கம் அமைக்க ஒருமனதாக வாக்களித்தார்கள். 2025 பிப்ரவரியில் கிராஃபிக்ஸ் நிறுவனங்களை நடத்திவந்த டெக்னிகலர் குழுமம் கவிழ்ந்தபோது பெங்களூருவில் இருந்தவர்களும் வேலையிழந்தார்கள்.

கோளாறு எங்கே என்று பார்க்க எளிய வழி: சத்தத்தை நிறுத்திவிட்டுச் சண்டையை இரண்டு நிமிடம் ஓட்டுங்கள். யார் எந்தப் பக்கம், எதை அடைய முயல்கிறார்கள் என்று சொல்ல முடிகிறதா? முடியாவிட்டால் எடிட்டிங்கிலும் எழுத்திலும் கோளாறு. சொல்ல முடிகிறது, ஆனால் பொம்மை மாதிரி இருக்கிறது என்றால் கணினிக் கோளாறு. அப்போது பாதத்தைப் பாருங்கள். நிஜ ஆள் குதித்து இறங்கும்போது முழங்கால் மடங்கும், உடம்பு ஒரு நொடி கீழே அழுந்தும். கணினி ஆள் அழுந்தாமல் ஒட்டிக்கொள்வான். ‘பிளாக் பேந்தர்’ 2018-இல் வந்து மூன்று ஆஸ்கர் வாங்கிய, உடையிலும் அரங்கிலும் அருமையான படம். அதன் கடைசிச் சண்டையில் இருட்டுச் சுரங்கத்தில் இரண்டு கறுப்பு உடைக்காரர்கள் எடையில்லாமல் சுழல்வார்கள். மேலே சொன்ன இரண்டு கோளாறும் ஒரே இடத்தில். இதற்கு எதிர்முனை 2008-இன் ‘தி டார்க் நைட்’: சிகாகோவின் லாசால் தெருவில் நிஜமான லாரிக்கு அடியில் பிஸ்டன் வைத்துத் தலைகீழாகப் புரட்டினார்கள். அது கவிழும்போது வண்டியின் கனம் நம் வயிற்றில் தெரியும்.

கணினிப் படம் என்றாலே தட்டை என்று நினைத்துவிட வேண்டாம். ‘ஸ்பைடர்மேன்: இன்டு தி ஸ்பைடர்-வெர்ஸ்’, 2018, முழுக்க அனிமேஷன், இந்த வகையிலேயே ஆகச்சிறந்த படம் அதுதான் என்று கோயிலில் கற்பூரம் அணைத்துச் சொல்வேன். மைல்ஸ் என்ற பையன் புதிதாகக் கற்றுக்கொள்ளும்போது அவன் அசைவை நொடிக்கு 12 படமாகவும், அனுபவஸ்தரான பீட்டரை 24 படமாகவும் வரைந்திருக்கிறார்கள். இருவரும் ஒரே காட்டில் வலை வீசித் தாவும்போது பையன் திக்குவது கண்ணுக்குத் தெரியும், ஏன் என்று தெரியாது. அவன் தேறத் தேற அசைவு வழவழப்பாகிறது. அவனால் எது முடியாது என்பதை ஃபிரேம் எண்ணிக்கையிலேயே சொன்ன படம் வேறு இல்லை. தூரத்தில் இருப்பதை மங்கலாக்காமல், மட்டமான அச்சில் வண்ணம் விலகி விழுந்தது போலக் காட்டியிருப்பதையும் கவனியுங்கள்.

இந்தப் படத்தை டிவியில் பார்ப்பவர்கள் முதலில் செய்ய வேண்டியது, அசைவை வழவழப்பாக்கும் வசதியை அணைப்பது. சாம்சங்கில் ஆட்டோ மோஷன் பிளஸ் அல்லது பிக்சர் கிளாரிட்டி, எல்ஜியில் ட்ரூமோஷன், சோனியில் மோஷன்ஃபுளோ என்று பட அமைப்புகளுக்குள் இருக்கும். டிவி தானாக இடையில் புதுப் படங்களைச் செருகி, 12-க்கும் 24-க்கும் இருந்த வித்தியாசத்தை அழித்துவிடும். சாதாரணப் படங்களையும் அது சீரியல் மாதிரி ஆக்கிவிடும். ‘ஃபிலிம்மேக்கர் மோட்’ இருந்தால் அதைப் போட்டாலே போதும், அணைந்துவிடும். வசனம் கிசுகிசுப்பாகவும் வெடி காதைக் கிழிப்பதாகவும் இருந்தால் ஓடிடி செயலியின் ஒலி அமைப்பில் 5.1 என்ற பல ஸ்பீக்கர் ஒலியை விட்டு ஸ்டீரியோவைத் தேர்ந்தெடுங்கள். நடு ஸ்பீக்கர் இல்லாத டிவி, நடுவில் வர வேண்டிய வசனத்தைச் சரியாகப் பிரித்துத் தருவதில்லை.

தியேட்டர் என்றால் இருட்டுப் படத்துக்கு 3டி டிக்கெட் வாங்காதீர்கள். இரு பரிமாணத் திரையின் வெளிச்ச அளவுகோல் 14 ஃபுட்-லாம்பர்ட். கண்ணாடி போட்டுப் பார்க்கும்போது பல திரைகளில் அது நாலரை அளவுக்கு இறங்கிவிடும். மூன்றில் ஒரு பங்கு. இரவுச் சண்டையில் மிஞ்சுவது ஒலி மட்டும். போதாததற்குப் பெரும்பாலான சூப்பர் ஹீரோ படங்கள் சாதாரணமாக எடுத்துப் பின்னர் 3டி ஆக்கப்பட்டவை. ஐமேக்ஸ் வேறு கதை. அகலத்திரையின் விகிதம் 2.39-க்கு 1, டிஜிட்டல் ஐமேக்ஸில் 1.90-க்கு 1. அதற்கென எடுத்த படத்தில் மேலும் கீழுமாக 26 சதவீதம் கூடுதல் படம் கிடைக்கும். ‘இன்ஃபினிட்டி வார்’, ‘எண்ட்கேம்’ இரண்டும் முழுக்க ஐமேக்ஸ் டிஜிட்டல் கேமராவில் எடுத்தவை. சென்னையில் வடபழனி, வேளச்சேரி, பிறகு கோவையிலும் அந்தத் திரை இருக்கிறது. அதற்கென எடுக்காத படத்துக்குக் கூடுதல் காசு கொடுத்தால் பெரிய திரையும் நல்ல ஒலியும் மட்டும்தான் லாபம்.

தமிழ் டப்பிங்கா, ஆங்கிலமா? ‘தண்டர்போல்ட்ஸ்’ மாதிரி முணுமுணுப்பில் நகரும் படத்துக்கு மூலமொழியும் கீழே எழுத்தும். குழந்தைகளோடு பார்க்க, சண்டை மிகுந்த படத்துக்கு டப்பிங் தாராளம். ஒரு நுட்பம் மட்டும் தெரிந்திருக்கலாம்: தமிழில் வினை வாக்கியத்தின் கடைசியில் வருகிறது. ஆங்கிலத்தில் நடுவில் விழும் கேலி, தமிழில் வாய் மூடும் நேரத்துக்கு வந்து சேரும். அந்த இடைவெளியை நிரப்பத்தான் ‘மச்சி’, ‘பாஸ்’ எல்லாம். எழுதுபவர் திறமைசாலி என்றால் கேலியையே மாற்றிவிடுவார். ‘எண்ட்கேம்’ தமிழ் வசனத்தை ஏ.ஆர். முருகதாஸ் எழுதினார், அயர்ன்மேனுக்கு விஜய் சேதுபதி குரல் கொடுத்தார். முந்தைய படங்களில் கேட்டுப் பழகிய குரலை மாற்றியதற்கு ரசிகர்கள் கொதித்துப் போனார்கள். நடிகர் மோசம் என்பதில்லை. பத்து வருடம் ஒரு குரலில் பேசிய ஆள் சாகும் படத்தில் வேறு குரலில் பேசினால் யார் சாகிறார் என்ற குழப்பம் வரும்தானே.

மார்வெல் படங்கள் ‘ஃபென்டாஸ்டிக் ஃபோர்’ வரை 37. அத்தனையையும் வரிசையாகப் பார்க்கச் சொல்பவர்களை நம்ப வேண்டாம். ‘அயர்ன்மேன்’, ‘விண்டர் சோல்ஜர்’, ‘இன்ஃபினிட்டி வார்’, ‘எண்ட்கேம்’ நான்கு போதும். இடையில் புரியாதது வந்தால் பக்கத்தில் இருக்கும் பிள்ளைகளைக் கேளுங்கள், அவர்களுக்கு அதைவிட மகிழ்ச்சி இல்லை. ‘தண்டர்போல்ட்ஸ்’ ஆட்கள் யார் என்று தெரிய ‘பிளாக் விடோ’ ஒன்று பார்த்தால் பெரும்பகுதி தீர்ந்தது. இந்த மரபே வேண்டாம், தனிப்படம் வேண்டும் என்றால் 2017-இன் ‘லோகன்’: காயம் ஆறாத கிழட்டு வுல்வரின், ரத்தம் அதிகம், குழந்தைகளைத் தூங்க வைத்துவிட்டுப் பார்க்க வேண்டியது. படம் முடிந்தபின் வரும் துண்டுக்காட்சிக்குக் காத்திருப்பதா என்றால், ‘தண்டர்போல்ட்ஸ்’, ‘லோகா’ இரண்டுக்கும் காத்திருங்கள், அடுத்த கதை அங்கேதான் இருக்கிறது. ‘சூப்பர்மேன்’ பெயர்ப்பட்டியலின் நடுவில் வருவது நிலவில் அவனும் நாயும் உட்கார்ந்திருக்கும் காட்சி. கடைசியில் வருவது கட்டடம் கோணலாக ஒட்டியிருக்கிறது என்று இரண்டு பேர் சண்டை போடுவது. பார்க்கிங்கில் வண்டி எடுக்க வேண்டும் என்றால் நாயைப் பார்த்துவிட்டுக் கிளம்பலாம்.